ஜான் லாரன்ஸ் கட்டுரையில விட்டுப்போன மூணு ஓட்டெடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, அமெரிக்க விடுதலைப் போர் தொடர்ல ஜான் லாரன்ஸ் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. ரெண்டு தடவ படிச்சேன். அவரைப் பத்தி தமிழ்ல ஒருத்தர் எழுதறதே அபூர்வம், அதுக்கு முதல்ல மனசார நன்றி. ஆனா படிச்சு முடிச்சதும் மனசு ஆறல. தளபதி வாஷிங்டனோட உதவியாளர், அதே வேலையில இருந்த ஹாமில்டனோட உயிர் நண்பர், பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மான்மத், யார்க்டவுன்னு வரிசையா சண்டைங்க, கடைசியில 27 வயசுல ஒரு சின்ன மோதல்ல குண்டடிபட்டு செத்துப்போறாரு, கட்டுரை அதோட முடிஞ்சிடுது. சவுத் கரோலினா சட்டசபையில அவரு உறுப்பினரா இருந்தாருங்கறதுக்கு ஒரு வரி இல்ல. போதாததுக்கு "அரசியல் பக்கம் தலைவெச்சுப் படுக்காத சிப்பாய்"னு ஒரு இடத்துல வருது. அது தப்புங்க. அதை திருத்தச் சொல்லித்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

அந்த சட்டசபையில ஒரே தீர்மானத்தை மூணு தடவ கொண்டு போனவரு அவரு. 1779-ல ஒரு தடவ, 1780-ல ஒரு தடவ, 1782-ல ஒரு தடவ. மூணு தடவையும் தோத்தாரு, அதுவும் சாதாரண தோல்வி இல்ல, பக்கத்துல நிக்க பத்துப் பன்னெண்டு பேருதான் இருந்தாங்க. தீர்மானம் என்னன்னா, அடிமைகளா இருக்கற கறுப்பினத்து ஆம்பளைங்களை ராணுவத்துல சேத்து துப்பாக்கி கொடுக்கணும், போர் முடிஞ்சதும் அவங்களுக்கு விடுதலை கொடுக்கணும். எனக்கு தெரிஞ்சு லாரன்ஸோட வாழ்க்கையில முக்கியமான விஷயமே இதுதான். இதை விட்டுட்டு அவரைப் பத்தி எழுதினா குதிரையும் வாளும்தான் மிஞ்சும், ஆளு மிஞ்ச மாட்டாரு.

இது எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதோட கனம் புரியும். அவங்க அப்பா ஹென்றி லாரன்ஸ் சார்ல்ஸ்டன்ல பெரிய வியாபாரி, ஆஸ்டின் அண்ட் லாரன்ஸ்னு கம்பெனி, ஆப்பிரிக்காவுலேந்து கப்பல்ல வந்து இறங்கற ஆயிரக்கணக்கான ஜனங்களை வாங்கி வித்து கமிஷன் பாத்த கம்பெனி அது. அந்தப் பணத்துல நெல்லு விளையற எஸ்டேட்டுங்க வாங்கினாரு, அப்புறம் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவா இருந்த தேசிய சபை, அதான் காண்டினென்டல் காங்கிரஸ், அதுக்கே தலைவரானாரு. 1754-ல பொறந்த மூத்த பையன் ஜானை ஜெனீவாவுல படிக்க வெச்சாரு, அப்புறம் லண்டன்ல மிடில் டெம்பிள்ல சட்டம் படிக்க அனுப்பினாரு. பையன் சாப்பிட்ட சாப்பாடு, படிச்ச படிப்பு, போட்ட கோட்டு எல்லாம் அடிமை வியாபாரத்துல வந்த காசு. அந்தப் பையன் லண்டன்ல உக்காந்துட்டு, சுதந்திரப் பிரகடனம் வர்றதுக்கு முன்னாடியே, 1776 ஏப்ரல்ல ஒரு நண்பருக்கு எழுதறாரு: நம்ம அடிமைகளை விடுவிக்காத வரைக்கும் தெற்குப் பக்கத்துல இருக்கற நாம சுதந்திரத்துக்காக சண்டை போடறோம்னு சொல்லிக்கறது அழகா இல்லன்னு. 21 வயசுங்க அப்போ.

அப்புறம் 1777-ல ஊர் திரும்பி வாஷிங்டன்கிட்ட உதவியாளரா சேந்தாரு. பிராண்டிவைன் சண்டை முடிஞ்சதும், அமெரிக்கப் படையில இருந்த பிரெஞ்சு ஆபீசர் லாஃபயெட் சொன்ன வார்த்தையை நீங்களே போட்டிருக்கீங்க, சாகாததும் காயம் படாததும் அவரு குத்தம் இல்ல, அதுக்கு என்னென்ன செய்யணுமோ எல்லாம் செஞ்சாருன்னு. சரி. ஆனா அதுக்கு நாலு மாசம் கழிச்சு 1778 ஜனவரி 14-ம் தேதி வேலி ஃபோர்ஜ் முகாம்லேந்து அப்பாவுக்கு எழுதின லெட்டர் உங்க கட்டுரையில இல்லையே. பட்டாளமே அரைவயித்தோட மரக்குடிசைங்கள்ல நடுங்கிட்டிருந்த சமயம். அப்போ இவரு கேக்கறாரு: எனக்கு நீங்க சொத்து எழுதி வைக்க வேணாம், அதுக்கு பதிலா உங்ககிட்ட இருக்கற திடகாத்திரமான ஆம்பளை அடிமைகளை இப்பவே என்கிட்ட கொடுத்துடுங்க, நான் அவங்களை சிப்பாய் ஆக்கறேன், இதுல ரெண்டு நல்லது, மனுஷ உரிமை பறிக்கப்பட்டவங்களுக்கு அடிமைத்தனத்துலேந்து முழு சுதந்திரத்துக்குப் போக நடுவுல ஒரு படி கிடைக்கும், நம்ம படைக்கும் தைரியமான ஆளுங்க கிடைப்பாங்கன்னு. அப்பன் சொத்துல பங்கு கேட்டு சண்டை போடற பிள்ளைங்களைப் பத்தித்தான் நிறைய கேள்விப்பட்டிருக்கோம். என் பங்கை மனுஷங்களா கொடு, அவங்களை நான் விடுதலை பண்ணிக்கறேன்னு கேட்ட பிள்ளை இவரு. இந்த லெட்டரை நான் எத்தனை தடவ படிச்சிருப்பேன்னு கணக்கில்ல, ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல ஏதோ பண்ணுது.

அப்பாவுக்கும் அடிமைமுறை பிடிக்காதுதான், 1776-லயே பையனுக்கு அப்படி எழுதியிருக்காரு. ஆனா இந்த யோசனைக்கு அவரு தயங்கினாரு, ஊரு சிரிக்கும்னாரு, நீ மட்டும் தனியா நிப்பேன்னாரு. பையனும் அப்போதைக்கு விட்டுட்டாரு. ஆனா அதே 1778 பிப்ரவரியில ரோட் ஐலண்ட் மாநிலம் அடிமைகளை படையில சேத்துக்க சட்டம் போட்டுடுச்சு, அப்படி உருவான ரெஜிமெண்ட் ஆகஸ்ட் 29-ல நடந்த ரோட் ஐலண்ட் சண்டையில, பிரிட்டிஷ்காரங்க பக்கம் நின்ன ஹெஸ்ஸியன்ங்கற ஜெர்மன் கூலிப்படை திரும்பத் திரும்ப பாஞ்சப்பவும் அசையாம நின்னுச்சு. அந்த சண்டையில லாரன்ஸும் இருந்தாரு. அதனால இது புத்தகத்துல படிச்ச கனவு இல்ல, நடந்து காட்டின விஷயம்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், இல்லன்னா நானும் உங்க கட்டுரை மாதிரியே பாதி கதை சொன்னவனா ஆயிடுவேன். அந்த முகாம்ல லாரன்ஸ்கூட ஒரு ஆளு இருந்தாரு, பேரு ஷ்ரூஸ்பரி, பெர்ரின்னு கூப்பிடுவாங்க. லாரன்ஸ் குடும்பத்தோட அடிமை, எஜமானோட துணிமணி, குதிரை எல்லாம் பாத்துக்க கூடவே வந்தவரு. அந்தக் குளிர்காலத்துல அப்பாவுக்கு எழுதின இன்னொரு லெட்டர்ல லாரன்ஸ் சொல்றாரு, பெர்ரிக்கு ஒரு வேட்டைச் சட்டையும் ஒரு கட்டம் போட்ட சட்டையும் வந்து சேந்துச்சு, குளிர்காலத் துணி கிடைக்கறது கஷ்டம்னா அது இல்லாமலே அவன் சமாளிச்சுக்குவான்னு நினைக்கறேன்னு. ரெண்டு சட்டை, வேலி ஃபோர்ஜ் குளிரு. ஆயிரக்கணக்கான பேருக்கு விடுதலை கேட்ட அதே கை எழுதின வரி இது. இதை மறைச்சு எழுதினா அவரு சிலையா ஆயிடுவாரு, சிலைக்கு மாலை போடலாம், அதுகிட்டேந்து ஒண்ணும் கத்துக்க முடியாது. ஷ்ரூஸ்பரி பேரு உங்க கட்டுரையில மட்டும் இல்ல, நான் பாத்த பாதி கட்டுரைங்கள்ல வரல, அந்த வருத்தமும் எனக்கு இருக்கு.

இப்ப சட்டசபைக்கு வரேன். 1778 டிசம்பர் கடைசியில பிரிட்டிஷ்காரங்க ஜார்ஜியாவுல சவானாவைப் பிடிச்சதும் அடுத்தது சவுத் கரோலினாதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அங்க ஜனத்தொகையில பாதிக்கு மேல அடிமைங்க. வெள்ளைக்கார மிலிஷியா (உள்ளூர்ப் படை) ஆளுங்க சண்டைக்கு வரவே பயந்தாங்க, ஏன்னா இவங்க வெளிய போனா வீட்டுல அடிமைங்க கிளம்பிடுவாங்கன்னு பயம், 1739-ல ஸ்டோனோ ஆத்துப் பக்கம் நடந்த கிளர்ச்சியை அந்த ஊரு மறக்கவே இல்ல. ஆக சண்டைக்குப் போக வேண்டியவங்க பாதிப் பேரு அடிமைகளை காவல் காக்க வீட்டுலயே இருக்கணும். லாரன்ஸ் சொன்னது நேரான கணக்கு, யாரைப் பாத்து பயப்படறோமோ அவங்களுக்கே இந்த நாட்டுல ஒரு பங்கு கொடுங்க, பயமும் போகும் படையும் வரும்.

காண்டினென்டல் காங்கிரஸ் 1779 மார்ச் 29-ல இதுக்கு சம்மதிச்சுது. சவுத் கரோலினாவும் ஜார்ஜியாவும் சரின்னு நினைச்சா 3,000 கறுப்பினத்தவரை வெச்சு பட்டாலியன் அமைக்கலாம், ஆபீசருங்க வெள்ளைக்காரங்க, 35 வயசுக்கு உட்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் சொந்தக்காரனுக்கு 1,000 டாலர் வரைக்கும் காங்கிரஸ் நஷ்டஈடு கொடுக்கும், சிப்பாய்க்கு சம்பளம் கிடையாது ஆனா துணியும் சாப்பாடும் உண்டு, போர் முடியற வரைக்கும் விசுவாசமா இருந்து துப்பாக்கியை திருப்பி ஒப்படைச்சா விடுதலையும் 50 டாலரும். இன்னிக்கு படிச்சா அந்த 1,000 சொந்தக்காரனுக்கு, 50 உயிரைக் கொடுத்தவனுக்குங்கற கணக்கு குத்துது, குத்தணும். ஆனா அன்னிக்கு தெற்கு மாநிலங்கள்கிட்ட தேசத்தோட சபையே இப்படி ஒண்ணு சொன்னது பெரிய விஷயம். லாரன்ஸுக்கு லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்து ஊருக்கு அனுப்பினாங்க. ஹாமில்டன் காங்கிரஸ் தலைவர் ஜான் ஜேவுக்கு சிபாரிசு லெட்டர் எழுதினாரு, துப்பாக்கியோட சேத்து விடுதலையையும் கொடுங்கன்னு, கறுப்பினத்தவங்க மேல நமக்கு சின்ன வயசுலேந்து சொல்லிக் கொடுத்த இளக்காரம்தான் அனுபவத்துக்கும் அறிவுக்கும் ஒத்துவராத பல விஷயங்களை நம்ப வைக்குதுன்னு அதுல ஒரு வரி இருக்கு. வாஷிங்டன் மட்டும் இழுத்தாரு. நாம ஆரம்பிச்சா பிரிட்டிஷ்காரனும் ஆரம்பிப்பான், சில பேருக்கு விடுதலை கொடுத்தா மிச்சப் பேருக்கு அடிமை வாழ்க்கை இன்னும் கசக்கும்னு ஹென்றி லாரன்ஸுக்கு எழுதினாரு. ஆனா பிரிட்டிஷ்காரன் யாருக்காகவும் காத்துட்டு இல்ல. அந்த வருஷம் ஜூன் 30-ல ஜெனரல் கிளிண்டன் அறிக்கை விட்டாரு, எதிரிகளோட அடிமைங்க எங்க பக்கம் ஓடி வந்தா பாதுகாப்பு உண்டுன்னு. ஜனங்க கூட்டம் கூட்டமா போனாங்க.

1779 மே மாசம் சார்ல்ஸ்டன்ல நடந்ததை உங்க வாசகர்கள் அவசியம் தெரிஞ்சுக்கணும். பிரிட்டிஷ் ஜெனரல் பிரிவோ படையோட ஊரு வாசலுக்கே வந்துட்டாரு. கவர்னர் ஜான் ரட்லெட்ஜும் அவரோட கவுன்சிலும் பதறிப்போய், இந்தப் போர் முடியற வரைக்கும் எங்க மாநிலம் யார் பக்கமும் சேராம ஒதுங்கி இருக்கும், ஊரை விட்டுடுங்கன்னு எதிரிக்கு தூது அனுப்ப முடிவு பண்ணாங்க. மத்த மாநிலங்களை அம்போன்னு விட்டுட்டு தான் மட்டும் தப்பிக்கற யோசனை. அந்த சேதியை யார் கொண்டு போறதுன்னு வந்தப்போ அமெரிக்கப் படையோட ஜெனரல் மோல்ட்ரி லாரன்ஸைக் கேட்டாரு. நாட்டுக்காக எதை வேணா செய்வேன், இந்த சேதியை மட்டும் கொண்டு போக என்னால ஆகாது, மன்னிச்சிடுங்கன்னுட்டாரு. இதை மோல்ட்ரியே பின்னாடி எழுதி வெச்சிருக்காரு. அந்தத் தூதும் பலிக்கல, நான் வந்தது உங்க கவர்னரோட பேச இல்ல, உங்க படையோடன்னு பிரிவோ சொல்லிட்டாரு, ஆனா அமெரிக்கப் படை பின்னாலேந்து வருதுன்னு தெரிஞ்சதும் ராத்திரியோட ராத்திரியா கிளம்பிட்டாரு. பாருங்க, எதிரிகிட்ட ஒதுங்கிக்கறோம்னு கெஞ்சத் தயாரா இருந்த அதே பெரிய மனுஷங்கதான், 3,000 கறுப்பு சிப்பாய்ங்கன்னதும் கொதிச்சுப் போனாங்க.

கொதிச்சாங்கன்னு நான் சும்மா சொல்லல. கிறிஸ்டோபர் கேட்ஸ்டன், சுதந்திரம் சுதந்திரம்னு எல்லாருக்கும் முன்னாடி கத்தினவரு, அடிமைகளுக்கு ஆயுதம் கொடுக்கச் சொல்லி காங்கிரஸ் சிபாரிசு பண்ணது எங்களுக்கு அருவருப்பா இருக்கு, ஆபத்தான காரியம்னு சாமுவேல் ஆடம்ஸுக்கு எழுதினாரு. சட்டசபையில லாரன்ஸ் எழுந்து பேசினாரு. டேவிட் ராம்சேன்னு ஒரு டாக்டர், அவரும் உறுப்பினர், பின்னாடி சரித்திரம் எழுதினவரு, இந்த தீர்மானத்துக்கு சுமார் பன்னெண்டு ஓட்டு கிடைச்சுதுன்னு அந்த வருஷம் செப்டம்பர்ல எழுதறாரு. அடுத்த வருஷம் எதிரி மறுபடி வந்துட்டிருக்கறப்போ லாரன்ஸ் மறுபடி கேட்டாரு, மறுபடி இல்லன்னாங்க. 1780 மே 12-ல சார்ல்ஸ்டன் விழுந்துச்சு, லாரன்ஸ் உட்பட படையே கைதி.

பரோல், கைதி பரிமாற்றம், அப்புறம் பிரான்ஸ் தூது, ரொக்கமா 25 லட்சம் லிவ்ர் (பிரெஞ்சு நாணயம்) பணத்தோட 1781 ஆகஸ்ட்ல பாஸ்டன் வந்து இறங்கினது, யார்க்டவுன்ல ஹாமில்டனோட சேந்து பத்தாம் நம்பர் அரணைப் பிடிச்சது, பிரிட்டிஷ் ஜெனரல் கார்ன்வாலிஸ் சரணடைஞ்சப்போ நிபந்தனை பேசினது எல்லாம் உங்க கட்டுரையிலயே நல்லா வந்திருக்கு, நான் திரும்பச் சொல்லல. நான் கேக்கறது ஒண்ணுதான், அதுக்கப்புறம் அவரு எங்க போனாரு? பேரும் புகழும் உச்சத்துல இருக்கு, வயசு 27 கூட முடியப்போகல, பாரிஸ் பாத்தாச்சு, வாஷிங்டன் பக்கத்துலயே இருந்திருக்கலாம். அவரு நேரா கிளம்பி ஊருக்குப் போனாரு, மூணாவது தடவையா அதே தீர்மானத்தை எடுத்துட்டு.

சார்ல்ஸ்டன் இன்னும் பிரிட்டிஷ்காரங்க கையில இருந்ததால 1782 ஜனவரியில சட்டசபை எடிஸ்டோ ஆத்தங்கரையில ஜாக்சன்பரோங்கற சின்ன ஊருல கூடுச்சு. எதிரி அங்கேந்து ஒரு நாள் குதிரைப் பயணத்துல. சபையில உக்காந்திருந்ததுல பாதிப் பேரு பட்டாள ஆபீசருங்க. விவாதத்துக்கு வந்த பெரிய விஷயம், ராஜ விசுவாசிகளோட சொத்துகளைப் பறிமுதல் பண்றது. லாரன்ஸ் இந்தத் தடவ கணக்கை மாத்திப் போட்டுக் கொண்டு வந்தாரு: உங்க அடிமைங்களை யாரும் கேக்கல, பறிமுதல் ஆகப்போற எஸ்டேட்டுங்கள்ல இருக்கற அடிமைங்கள்லேந்து 2,500 பேரை எடுத்துக்குவோம்னு. யாருக்கும் கையை விட்டு காசு போகாது. தெற்குப் படைக்குத் தலைமை தாங்கின ஜெனரல் நதானியேல் கிரீனும் படைக்கு ஆளு இல்ல, இதை செய்ங்கன்னு கவர்னருக்கு லெட்டர் எழுதியிருந்தாரு. மூணு வருஷமா சொல்லிட்டிருந்த காரணம் எல்லாம் அடிபட்டுப் போச்சு. அப்படியும் தோத்துச்சு. சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்ட எட்வர்ட் ரட்லெட்ஜ் அப்போ எழுதின லெட்டர்ல, ஆதரவு 12 அல்லது 15 பேரு, எதிர்ப்பு சுமார் 100 பேருன்னு இருக்கு, நான் ரொம்ப பயந்துட்டேன், நல்லவேளை விவாதத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் புத்தி திரும்பிச்சுன்னு நிம்மதியா எழுதறாரு.

அதே சபை அதே கூட்டத்தொடர்ல இன்னொரு சட்டம் போட்டுச்சு, என்னால ஜீரணிக்கவே முடியாத சட்டம். படையில சேர்ற வெள்ளைக்கார சிப்பாய்க்கு ஊக்கப் பரிசா அடிமையைக் கொடுக்கறது, ஒரு வருஷ சேவைக்கு ஒரு ஆளு, வயசு 10-லேந்து 40-க்குள்ள, நோய்நொடி இல்லாம. அதாவது அவங்க கையில துப்பாக்கி கொடுக்க மாட்டோம், துப்பாக்கி தூக்கறவனுக்கு அவங்களையே கூலியா கொடுப்போம். பத்து வயசுக் குழந்தை. லாரன்ஸ் அந்த சபையில உக்காந்து இதைப் பாத்திருக்காரு. வாஷிங்டனுக்கு அந்த வருஷம் எழுதின லெட்டர்ல, தப்பெண்ணம், பேராசை, கோழைத்தனம்னு மூணு தலை முளைச்ச ராட்சசன் போட்ட ஊளையில அறிவோட ஒத்தைக் குரல் அமுங்கிப் போச்சுங்கறாரு. வாஷிங்டன் ஜூலை 10-ல பதில் போட்டாரு, உங்க திட்டம் தோத்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல, போர் ஆரம்பத்துல எதையும் தியாகம் பண்ணத் தயாரா இருந்த அந்த சுதந்திர உணர்ச்சி எப்பவோ வடிஞ்சு போச்சு, அந்த இடத்துல எல்லா சுயநலமும் வந்து உக்காந்துடுச்சுன்னு.

இதுக்கப்புறம் அவரு சாவைப் படிச்சுப் பாருங்க, வேற மாதிரி தெரியும். 1782 ஆகஸ்ட். போர் கிட்டத்தட்ட ஓஞ்சு போச்சு, சமாதானப் பேச்சு நடக்குது. காம்பாஹி ஆத்துப் பக்கம் நெல்லு அள்ள பிரிட்டிஷ் படகுங்க வருதுன்னு தகவல். லாரன்ஸ் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தவரு எழுந்து போனாரு. ஜெனரல் கிஸ்ட் அவருகிட்ட 50 பேரையும் ஒரு சின்ன பீரங்கியையும் கொடுத்து ஆத்து முனையில ஒரு அரண் போடச் சொன்னாரு. 27-ம் தேதி விடியறதுக்கு முன்னாடி உயரமான புல்லுக்குள்ள பதுங்கியிருந்த எதிரி, எண்ணிக்கையில கிட்டத்தட்ட மூணு மடங்கு. கிஸ்ட் பின்னாடி வந்துட்டிருந்தாரு, காத்திருந்திருக்கலாம், இவரு பாஞ்சாரு. முதல் வேட்டுலயே விழுந்துட்டாரு. 1779-ல கூஸாவாட்சியிலயும் இப்படித்தான், மோல்ட்ரி சொன்னதை மீறி ஆத்தைக் கடந்து போய் கையில குண்டு வாங்கி, ஆளுங்களையும் பலி கொடுத்தாரு. அந்த அவசரம் அவரோட பெரிய குறை, அவரு பின்னாடி போனவங்க உயிரும் அதுல போச்சு, நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. அந்த சாவுக்கு பன்னெண்டு நாள் முன்னாடிதான் ஹாமில்டன் எழுதினாரு, வாளைக் கீழ வெச்சுட்டு அங்கியைப் போட்டுக்கிட்டு காங்கிரஸுக்கு வாங்க நண்பரே, அமெரிக்காவை விடுதலை பண்ண தோளோட தோள் நின்னோம், இனி அதை சந்தோஷமா வெச்சுக்க கையோட கை கோத்து உழைப்போம்னு. ரோமாபுரி செனட்டருங்க போட்டுக்கற அங்கியைத்தான் சொல்றாரு. நீங்க "அரசியல் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவர்"னு எழுதினவரை, சட்டமன்றத்துல உழைக்க வேண்டிய ஆளுன்னு அவரோட நெருங்கின நண்பரே கூப்பிட்டிருக்காரு.

அப்பா கதையையும் ரெண்டு வரி சொல்லிடறேன், ஏன்னா இதோட சேந்தது. ஹென்றி லாரன்ஸ் கடல்ல பிடிபட்டு லண்டன் டவர்ல சிறையில இருந்து வெளிய வந்தவரு. பையன் செத்த சேதியை நவம்பர்ல ஜான் ஆடம்ஸ் லெட்டர் போட்டுத்தான் தெரிஞ்சுக்கறாரு. அந்த மாசமே 30-ம் தேதி பாரிஸ்ல சமாதான ஒப்பந்த முன்வரைவு கையெழுத்தாகுது, கடைசி நேரத்துல வந்து சேந்த ஹென்றி ஒரு ஷரத்து சேக்கச் சொல்றாரு: பிரிட்டிஷ் படை கிளம்பறப்போ நீக்ரோக்களையோ மத்த சொத்துகளையோ எடுத்துட்டுப் போகக்கூடாது. எதிர்ப்பக்கம் கையெழுத்து போட்ட ரிச்சர்ட் ஆஸ்வால்ட், ஆப்பிரிக்கக் கரையில பன்ஸ் தீவுலேந்து அடிமைகளை அனுப்பி சார்ல்ஸ்டன்ல ஹென்றி மூலமா வித்த பழைய வியாபாரக் கூட்டாளி. பையனைப் புதைச்சு மூணு மாசம்தான் ஆச்சு. யாரை சிப்பாயா ஆக்கணும்னு அந்தப் பையன் மூணு தடவ சபையில எழுந்து நின்னாரோ, அவங்க ஒப்பந்தத்துல "மத்த சொத்து"க்குப் பக்கத்துல எழுதப்பட்டாங்க.

நான் வரலாறு படிச்சு பட்டம் வாங்கினவன் இல்ல, ஆர்வத்துல படிக்கறவன். உங்க கட்டுரையாளர் உழைச்சிருக்காரு, சண்டை விவரங்க எல்லாம் சுத்தமா இருக்கு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா தோத்த ஓட்டெடுப்பு ஒண்ணும் மாத்தலையே, அதை ஏன் எழுதணும்னு அவரு நினைச்சிருந்தா, அதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். அந்தக் காலத்துல யாருக்கும் இது தப்புன்னு தெரியாதுன்னு இன்னிக்கும் சொல்றாங்க இல்லையா, அந்தப் பேச்சுக்கு நேரா வந்து நிக்கற சாட்சி இந்த மூணு ஓட்டெடுப்பு. தெரிஞ்சவங்க இருந்தாங்க. அந்த சபையிலயே இருந்தாங்க, அடிமை வியாபாரி வீட்டுப் பிள்ளையாவே இருந்தாங்க, எழுந்து சொன்னாங்க. நூறு பேரு கேட்டுட்டு, யோசிச்சு, வேணாம்னு ஓட்டு போட்டாங்க.

அதனால அடுத்த இணைப்புல ஒரு திருத்தம் போடுங்க, பெருசா வேணாம். அரசியல் பக்கம் போகாதவர்னு வந்த வரியை எடுத்துட்டு, சவுத் கரோலினா சட்டசபை உறுப்பினர், அடிமைகளை விடுதலையோட படையில சேக்கற தீர்மானத்தை 1779, 1780, 1782-ல கொண்டு வந்து தோத்தவர்னு போடுங்க. அதுக்குக் கீழ, வேலி ஃபோர்ஜ் குளிருல ரெண்டு சட்டையோட அவருகூட இருந்த ஷ்ரூஸ்பரி பேரையும் போட்டுடுங்க.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க ஞாயிறு இணைப்பு படிக்கற ஒரு வாசகன்